பன்னிரண்டாவது தட்டு

என் கைக்கு ராசி உண்டு என்று எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு பேச்சு இருந்தது. பெரிய படிப்புப் படித்த பிள்ளைகள் மூன்று தடவை முயன்று சாகடித்த செல்லை என் மேசையில் வைத்துவிட்டு, இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கிப் போவார்கள். நான் அதைத் தேற்றி எழுப்பி உட்கார வைப்பேன். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை. இப்போது யாராவது ராசி என்று வாயெடுத்தால் எழுந்து போய்விடுகிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை, செல் வளர்ப்பவள். கியோத்தோவில் காமோ ஆற்றைப் பார்த்த கட்டடம், நான்காவது மாடி. ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் பரம்பரையாகக் குறைந்துபோகும் குடும்பங்களிலிருந்து எங்களுக்குக் குப்பி குப்பியாக ரத்தம் வரும். அதிலிருக்கும் செல்லைப் பின்னோக்கி நடத்தி, ஆள் கருவில் இருந்த காலத்துக்கே கொண்டுபோய், ஸ்டெம் செல்லாக்குவோம். பிறகு அதையே மறுபடி முன்னோக்கி வளர்த்துத் தட்டில் பிளேட்லெட் செய்ய வைப்போம். அந்த ஆளின் எலும்புக்குள் நடக்கிற கோளாறு அப்படியே தட்டிலும் நடக்கும். ஆளைக் குத்திக் குடையாமல் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவரின் செல்லும் வேண்டும். அதற்கென்று எங்களிடம் ஒரு நிரந்தர செல் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன்னால் பேராசிரியர் ஒகுமுரா, "யாராவது ஆரோக்கியமான ஆள் கொஞ்சம் ரத்தம் குடுங்கப்பா" என்று கேட்டபோது, முதலில் சட்டைக் கையை மடக்கியவள் நான். அந்தச் செல் இன்றைக்கும் குறையில்லாமல் வளர்ந்து பிளேட்லெட்டாகக் கொட்டுகிறது. பிள்ளைகள் அதற்குப் பெரியம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாரைக் கிண்டல் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆனால் பெரியம்மா யாரோ ஒருத்தி. நோயாளியின் கூடப்பிறந்தவர் நோயில்லாமல் இருந்தால் அவர் செல்தான் ஒப்பிட உத்தமம். போன வருடம் பிப்ரவரியில் அப்படி ஒரு ஜோடி கிடைத்தது. அக்கா சிகுசா, முப்பத்திரண்டு வயது, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். தம்பி தெத்சுரோ, நான்கு வயது இளையவன், தெருவோரக் குளிர்பான இயந்திரங்களில் டப்பா நிரப்பும் வேலை. அவர்கள் அப்பா நாற்பத்து நான்கு வயதில் மூக்கில் ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தப் புற்று என்று கேள்விப்பட்டு, மூன்றே மாதத்தில் போய்ச் சேர்ந்தவர். சிகுசாவுக்குப் பிளேட்லெட் முப்பதாயிரத்தைத் தாண்டியதே இல்லை. இயல்பான ஆளுக்குக் குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்கும், தம்பிக்கு அதற்கு ஒரு நூல் மேலே. நூல்தான், ஆனால் மேலே. அதனால் அவன் நோயில்லாதவன்.

எந்த ஜீனில் கோளாறு என்று பிடிபடவில்லை. தெரிந்த ஜீன் எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டார்கள், ஒன்றிலும் இல்லை. பிடிபட்டிருந்தால் தம்பியை ஒரே பரிசோதனையில் பார்த்திருக்கலாம். நானும் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குகிறவளாக இருந்திருப்பேன்.

ஒருவர் ரத்தத்திலிருந்து பன்னிரண்டு தட்டு எடுப்பது எங்கள் வழக்கம். ஒரே ஆள்தான், ஆனால் தட்டுக்குத் தட்டு குணம் மாறும். ஒன்று சோம்பேறியாக இருக்கும், ஒன்று காரணமில்லாமல் கெட்டுப்போகும். நன்றாக நடப்பதை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுவோம். இதில் தவறு என்று யாரும் சொன்னதில்லை. எல்லா ஊரிலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஜூன் மாதம் அக்காவின் தட்டுகள் எதிர்பார்த்தபடியே நடந்தன. பிளேட்லெட்டை ஈனும் பெரிய தாய்ச்செல்கள் வந்தன, கை கால் நீட்டப் பார்த்தன, முடியாமல் சுருங்கின. பிளேட்லெட் ஒன்றிரண்டு. பன்னிரண்டும் அதே கதை. நாங்கள் சந்தோஷப்பட்டோம். நோய் தட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். இந்தத் தொழிலில் இப்படிக் கேவலமான சந்தோஷங்கள் உண்டு.

தம்பியின் முதல் தட்டு சரியாக வரவில்லை. கெட்ட தட்டு என்று நோட்டில் எழுதி, படம் எடுத்து ஒட்டி, தூக்கிப் போட்டேன். இரண்டாவதும் வரவில்லை. மூன்றாவதும் இல்லை. எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. நோயாளி செல்லை ஒழுங்காக வளர்த்துவிட்டு நோயில்லாதவன் செல்லைக் கெடுக்கிறேனே என்று என்மேலேயே எரிச்சல். சூடு பார்த்தேன், மருந்தை மாற்றினேன், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தேன். ஏழாவது தட்டையும் எறிந்த பிறகு பேராசிரியரிடம் சொன்னேன்.

"ஆரோக்கியமான ஆளோட செல்லு இப்படி இருக்காது, குசாகா-சான்," என்றார் அவர், தேநீரை ஊதிக்கொண்டே. "தட்டுதான் சரியில்ல. அடுத்ததைப் பாருங்க."

"நானும் அதான் நெனச்சேன், சென்செய்."

நானும் அதைத்தான் நினைத்தேன். அவர்மேல் பழி போட இதை எழுதவில்லை. அவர் சொல்வதற்கு முன்னாலேயே ஏழு தட்டை நானாக எறிந்திருந்தேன். அக்காவின் தட்டு பன்னிரண்டும் ஒன்றுபோல் நடந்தபோது, "பார், ஆளின் குணம் தெரிகிறது" என்றவள், தம்பியின் தட்டு பதினொன்றும் ஒன்றுபோல் நடந்தபோது, "பார், தட்டு கெட்டிருக்கிறது" என்றேன்.

பன்னிரண்டாவது தட்டு வந்தது. உருண்டு திரண்டு, ஓரம் பளபளவென்று, நாளுக்கு நாள் கொழித்தது. எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது, அதனாலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. ஜூலை முதல் வாரம் அது பிளேட்லெட்டை அள்ளிக் கொட்டியது. பேராசிரியர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பிள்ளைகள் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்கள்.

அந்த மாதமே அக்காவும் தம்பியும் தங்கள் செல்லைப் பார்க்க வந்தார்கள். நோயாளிகள் ஆசைப்பட்டால் பேராசிரியர் காட்டுவார். பொதுவாக வருகிறவர்கள் தயங்கித் தயங்கி நிற்பார்கள். சிகுசா வந்த வேகத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முழங்கையில் ஒரு நீலம், கழுத்தோரம் ஒரு மஞ்சள், எல்லாம் ரத்தம் கட்டிய தடம்.

"நேத்து ஒரு கல்லூரிப் பையன் பிரேக்னு நெனச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சான். என் பக்கம் ஒரு பிரேக் இருக்கே, அதை நான் மிதிச்சேன். சுவருக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் முட்டி பூரா நாவல்பழம்." மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். "இதான் நானா? என்ன இவ்ளோ சோகமா இருக்கேன்?"

"அக்கா, அது செல்லு. அதுக்கு மூஞ்சி கெடையாது," என்றான் தெத்சுரோ. அவன் எங்கள் எல்லோருக்கும் குளிர்ந்த பார்லித் தேநீர் டப்பா கொண்டுவந்திருந்தான். எங்கே போனாலும் நாலு டப்பாவோடு போகிறவன்.

"நீ சும்மா இரு. குசாகா-சான், இவனுடையதைக் காட்டுங்க."

பன்னிரண்டாவது தட்டை வைத்தேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். அந்த வாய் சும்மா இருந்தது அப்போது மட்டும்தான்.

"அடேய், கொட்டுது பாருடா," என்றாள் கடைசியில். "மழை மாதிரி கொட்டுது. கஞ்சப்பயலே, எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிட்டியா?" தம்பி முதுகில் ஒரு அறை வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா செத்தப்ப நான் ஒண்ணு முடிவு பண்ணேன். இந்தக் கருமம் என்னோட முடியணும். அதனாலதான் கல்யாணம், கொழந்தைன்னு நான் போகல. இவன் தப்பிச்சான். இவன் பொண்ணு சுசு தப்பிச்சா. எங்க வீட்டுல இது என்னோட சரி. இதைக் கண்ணால பாக்கணும்னுதான் வந்தேன்."

நான் பெருமையோடு தலையாட்டினேன். இதை எழுதும்போதுகூட அந்தத் தலையாட்டலை நினைத்தால் கூசுகிறது.

ஆகஸ்டில் சிகுசாவின் எலும்பு மஜ்ஜை கெட ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கு வந்தது அவளுக்கும் வந்துகொண்டிருந்தது. மஜ்ஜையை மருந்தால் முழுக்க அழித்துவிட்டு வேறு ஒருவர் மஜ்ஜையை ஏற்ற வேண்டும், வேறு வழியில்லை என்றார் ஆஸ்பத்திரி டாக்டர் ஹதானோ. தெத்சுரோவின் மஜ்ஜை அக்காவுக்கு அப்படியே பொருந்தியது. ஆனாலும் அந்த டாக்டரம்மாவுக்கு ஒரு உறுத்தல். எங்கள் பேராசிரியருக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"தம்பிக்கு எண்ணிக்கை சரியா எல்லைக்கோட்டுல நிக்குது, சென்செய். அவருக்கும் இருந்தா, கெட்ட மஜ்ஜையை எடுத்துட்டுக் கெட்ட மஜ்ஜையையே வெக்கற மாதிரி ஆயிடும். உங்க தட்டுல என்ன தெரியுது?"

பேராசிரியர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவர் போனில், "பிரமாதமா இருக்கு" என்றார்.

மருந்து ஏற்றும் நாள் குறித்தார்கள், அக்டோபர் முதல் திங்கள். மருந்து உள்ளே போய்விட்டால் சிகுசாவுக்குச் சொந்த மஜ்ஜை கிடையாது. அதன்பின் திரும்பி வர வழியில்லை.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை குரோமோசோம் அறிக்கை வந்தது. கட்டுரை எழுதுமுன் எல்லா செல்லுக்கும் அதை எடுத்தாக வேண்டும், வெறும் சடங்கு. அக்காவின் தட்டு, இரண்டு எக்ஸ், பெண். தம்பியின் பன்னிரண்டாவது தட்டு, இரண்டு எக்ஸ், பெண்.

நான் காகிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதோடு பேராசிரியர் அறைக்கு ஓடினேன்.

பேராசிரியர் முதலில் சிரித்தார். "அக்கா குழாயும் தம்பி குழாயும் இடம் மாறிப்போச்சு போல. பரவாயில்ல, பேரை மாத்தி ஒட்டிடலாம்."

"இது அக்காவோடதா இருந்தா இப்படிக் கொட்டாது, சென்செய். அவங்க செல்லால அது முடியாது."

"அப்ப யாரோடது?"

அந்த இன்குபேட்டரில் மூன்று பேருடைய செல் மட்டுமே இருந்தது. அக்கா, தம்பி, அப்புறம் கீழ் அடுக்கில் பெரியம்மா.

மே மாத விடுமுறை வாரம் ஞாபகம் வந்தது. செல்லுக்கு ஊற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது, கடைக்காரர்கள் ஒரு வாரம் மூடியிருந்தார்கள். ஒருவர் செல்லுக்கு ஒரு புட்டி என்பது எங்கள் சட்டம். புதுப் பிள்ளைகளை அதற்காக நான் அழ அழத் திட்டியிருக்கிறேன். அந்த வாரம் மிச்சமிருந்த அரைப் புட்டியை இரண்டு பேருக்குப் பங்கு போட்டேன். முதலில் பெரியம்மாவுக்கு, அப்புறம் தம்பியின் பன்னிரண்டு தட்டுக்கும். நடுவில் உறிஞ்சுகுழாயை மாற்றினேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குமேல் சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. புட்டி வழியாக ஒரே ஒரு செல் போனால் போதும். பெரியம்மா முரட்டு வளர்ச்சிக்காரி. பக்கத்தில் இருப்பவரை மூச்சுத் திணறடித்துவிட்டுத் தட்டு முழுவதையும் பிடித்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரியம்மா, பன்னிரண்டாவது தட்டு இரண்டின் மரபு ரேகையையும் ஒப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. பன்னிரண்டாவது தட்டு நான். நான்கு மாதமாக என் செல்லையே வளர்த்து, என் செல்லையே கொஞ்சி, அவன் ஆரோக்கியத்துக்கு என் ரத்தத்தைச் சாட்சி சொல்ல வைத்திருக்கிறேன்.

பேராசிரியர் கதவைச் சாத்தினார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"இதனால தம்பிக்கு நோய் இருக்குன்னு ஆகலையே, குசாகா-சான். நம்மகிட்ட இருந்த அத்தாட்சி போச்சு, அவ்வளவுதான். ரெண்டு மாசம் குடுங்க, புது ரத்தம் எடுத்து மறுபடி செஞ்சு பாத்துட்டு..."

"திங்கக்கிழமை மருந்து ஏத்தறாங்க."

"தெரியும். ஆனா அரைகுறையாப் போய் நாம ஒண்ணு சொல்லி, அவங்க நிறுத்தி, அப்புறம் தம்பி நல்லா இருந்தா? அந்தப் பொண்ணு கதி?"

நான் என் நோட்டை எடுத்துவந்தேன். எறிந்த பதினொரு தட்டின் படங்களும் அதில் இருந்தன. பழக்க தோஷம், எறிகிறதையும் படம் எடுத்து ஒட்டுவேன். அக்காவின் தட்டுப் படங்களையும் பக்கத்தில் பரப்பினேன். பெயர்களின் மேல் மஞ்சள் காகிதத்தை ஒட்டி மறைத்தேன்.

"இதுல எது அக்கா, எது தம்பின்னு பிரிச்சுக் காட்டுங்க, சென்செய்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் குனிந்தார். ஒரு படத்தை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். சுருங்கிய கைகால்கள், வெறும் வெளி, ஒன்றிரண்டு பிளேட்லெட். இருபது நிமிடம் ஆகியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஆற்றங்கரையில் யாரோ டிரம்பெட் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள், ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தப்பாக.

"முடியல," என்றார்.

"பதினொண்ணு, சென்செய். பதினோரு தட்டும் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கு. நான்தான் வாயைப் பொத்திக் குப்பையில போட்டேன்."

அவர் போனை எடுத்து ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினார். ஹதானோ டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். என் பெயரைச் சொல்லும்போது மட்டும் "எங்க ஆய்வகம்" என்றார். நான் குறுக்கே புகுந்து, "குசாகான்னு சொல்லுங்க" என்றேன்.

சனிக்கிழமை காலை தெத்சுரோவை ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னார்கள். நானும் பேராசிரியரும் போனோம். அவன் வேலைச் சட்டையோடு வந்தான், கையில் நான்கு டப்பா சூடான காபி. மேசையில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். நான் எழுந்து நின்று, தலை முழங்காலைத் தொடுமளவு குனிந்து மன்னிப்புக் கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான்.

"பதினோரு தட்டு சொல்லிச்சு," என்றான். "நீங்க கேக்கல."

"கேக்கல."

"நான் நல்லா இருக்கேன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க."

"ஆமா."

அவன் ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தான், குடிக்கவில்லை. "நானும்தான் முடிவு பண்ணிட்டேன்," என்றான். "ஷேவ் பண்ணும்போது வெட்டிக்கிட்டா அரை மணி நேரம் நிக்காது. சும்மா தோல் மெல்லிசுன்னு நெனச்சுப்பேன்." டப்பாவைக் கீழே வைத்தான். "எனக்கும் அப்பாவுக்கு வந்தது வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம். இனிமே வருஷத்துக்கு ரெண்டு தடவை பார்க்கணும்," என்றார் டாக்டர்.

"சுசுவுக்கு?"

"பாதிக்குப் பாதி."

அவன் தலையை ஆட்டினான், யாரோ வழி சொன்னதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி. "அக்காவுக்கு இப்ப என்ன பண்ணுவீங்க?"

தொப்புள்கொடி ரத்தம் ஒன்று ஒசாகா பக்கம் பொருந்துகிறது, பத்து நாளில் வந்துவிடும் என்றார் டாக்டர். தம்பி மஜ்ஜை அளவுக்குச் சுலபம் இல்லை. மெதுவாகத்தான் பிடிக்கும், பிடிக்காமலும் போகலாம். ஆனால் நோயில்லாத ரத்தம். "உங்க அக்காகிட்ட நான் என்ன சொல்றதுங்கறது உங்க கையில இருக்கு. உங்க உடம்பு விஷயம் உங்களோடது. சொல்லலாம்னா உள்ளதைச் சொல்றேன். வேண்டாம்னா, குடுக்கறவரோட மஜ்ஜை இனிமே கெடைக்காதுன்னு மட்டும் சொல்லுவேன். காரணம் சொல்ல மாட்டேன்."

தெத்சுரோ ரொம்ப நேரம் யோசித்த மாதிரி இல்லை.

"பயந்துட்டேன்னு சொல்லிடுங்க."

"நான் பொய் சொல்ல முடியாது."

"அப்ப நானே சொல்லிக்கறேன். ஊசின்னா எனக்குச் சின்ன வயசுல இருந்தே பயம்னு அவளுக்குத் தெரியும். நம்புவா."

"தெத்சுரோ-சான்," என்றேன், பொறுக்க முடியாமல். "அவங்க உங்களை மன்னிக்கவே மாட்டாங்க."

"மாட்டா." அவன் குரல் அங்கேதான் உடைந்தது. "அவ எதைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கட்டில்ல ஏறப் போறான்னு உங்களுக்குத் தெரியும். உங்க ரூம்லதான் சொன்னா. என்னோட முடியணும்னு. அதுவும் இல்லேன்னு ஆயிட்டா அவ எதுக்குப் பொழைக்கணும்? என்னைத் திட்டிக்கிட்டே பொழைக்கட்டும். கோவம் வந்தா அவளுக்கு பலம் வரும், நான் பாத்திருக்கேன்."

அவன் மிச்ச மூன்று டப்பாவையும் எங்கள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, "சுசு ரத்தத்தையும் எடுத்துக்கறீங்களா? நீங்களே வளத்துப் பாருங்க" என்றான். வேறு ஆளைப் போடச் சொல்வான் என்று நினைத்திருந்தேன். "நீங்க இனிமே எறிய மாட்டீங்க, அதான்," என்றான்.

மருந்து பத்து நாள் தள்ளிப்போயிற்று. தொப்புள்கொடி ரத்தம் ஏறியது. வெள்ளணு நவம்பர் முடிவில் தலை தூக்கியது, பிளேட்லெட் ஜனவரிவரை அசையவில்லை. நடுவில் இரண்டு தடவை காய்ச்சல் வந்து, போய்விட்டாள் என்றே டாக்டர் நினைத்தாராம். எங்கள் கூடத்தில் விசாரணை நடந்தது. எழுதவிருந்த கட்டுரையைக் கைவிட்டோம். வேலையை விடுகிறேன் என்று நான் எழுதிக்கொடுத்த கடிதத்தைப் பேராசிரியர் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, "முதல்ல அந்தக் கொழந்தை தட்டை முடிங்க" என்றார்.

பிப்ரவரியில் சிகுசா என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினாள். மறுநாள் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். முகக்கவசம், தொப்பி, மேலங்கி எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். பாதியாகத்தான் இருந்தாள். தலையில் பூனைமுடி. கையில் நீலம் இல்லை, மஞ்சள் இல்லை. நான் பார்த்த நாளிலிருந்து முதல் தடவையாக அவள் தோல் தோல் நிறத்தில் இருந்தது.

"ஒரு லட்சத்துப் பத்தாயிரம்!" என்றாள் நான் உட்காருமுன்னே. "கேட்டீங்களா? லட்சம்! யாரோ ஒசாகாக் கொழந்தையோட ரத்தம். இனிமே நானும் ஒசாகாக்காரங்க மாதிரி காசுக்குப் பேரம் பேசுவேன்." சிரித்து, இருமி, தண்ணீர் குடித்தாள். "அவன் வந்தானா உங்க பக்கம்?"

"எப்பவாவது வருவார்."

"இங்க வரவேண்டாம்னு சொல்லிட்டேன். வாசல்ல வந்து டப்பாவை வெச்சுட்டுப் போறான். நர்ஸுகளுக்குக் குடுத்துடுவேன். ஊசிக்குப் பயந்தானாம், குசாகா-சான். அக்கா செத்தாலும் பரவாயில்ல, ஊசி வேணாமாம். மூணு மாசம் ராத்திரி பகல் அவனைத் திட்டிக்கிட்டே கெடந்தேன். அதுலதான் பொழைச்சேன்னு நெனைக்கறேன்."

முகக்கவசம் இருந்தது நல்லதாயிற்று.

அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். இதைக் கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள் என்று அப்போது புரிந்தது. "அவனைப் பத்தி எனக்குக் கவலையில்ல. ஆனா அந்தத் தட்டு இருக்கே, மழை மாதிரிக் கொட்டிச்சே, அது இப்பவும் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு," என்றேன். அது உண்மை. பெரியம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை.

"அப்ப சுசுவுக்கும் ஒண்ணும் இருக்காது. இல்லையா?"

"இருக்காது."

"சரி," என்று கண்ணை மூடிக்கொண்டாள். "அவ அப்பன் கோழைங்கறதுக்கு அவ என்ன பண்ணுவா. ஏப்ரல்ல பள்ளிக்கூடம் சேர்றா, ஒரு பை வாங்கி அனுப்பணும்."

வெளியே வந்து மேலங்கியைக் கழற்றிக் கூடையில் போட்டேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் தெத்சுரோ நின்றிருந்தான். என்னிடம் ஒரு டப்பாவை நீட்டினான். அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டான். லட்சத்துப் பத்தாயிரம் என்றேன். அவன் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். அழுது முடித்து மூக்கைத் துடைத்தபோது கைக்குட்டையில் சிவப்பு இருந்தது. அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, சுசுவின் தட்டு ஏதாவது சொல்கிறதா என்று கேட்டான். பன்னிரண்டும் முடியட்டும் என்றேன். இன்னும் ஆறு பாக்கி இருக்கிறது என்றேன்.

முடிந்த ஆறும் என் நோட்டில் இருக்கின்றன. படம் ஒட்டித் தேதி போட்டிருக்கிறேன், கெட்ட தட்டு என்று எழுதவில்லை. ஆறும் ஒன்றுபோல் இருக்கின்றன. பெயரை மறைத்துவிட்டால் அவள் அத்தையுடையதிலிருந்து எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.